அளவுச் செம்பு

1991 சித்திரையில் எங்கள் வல்லம் வடகால் தெருவுக்கு மெர்சி என்றொரு பெண் அளவு நாடாவும் நோட்டுமாக வந்தாள். கால்நடைப் படிப்பில் கடைசி வருஷமாம். பத்து வீட்டுப் பசுக்களுக்குத் தினம் ஒரு பிடி தாது உப்பு வைத்து, பால் கூடுகிறதா என்று மூன்று மாதம் அளப்பாளாம். ஆய்வு தேறினால் ஒரு பால் பண்ணையில் வேலை காத்திருக்கிறதாம்.

எனக்குத் துளிகூட நம்பிக்கை வரவில்லை. சும்மா யார் உப்பு கொடுப்பார்கள்? கம்பெனிக்கு நிலம் எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட நேரம் அது.

"மாட்டு மேல நாடா வெச்சவ, நாளைக்கு நெலத்துல வெப்பா பாரு" என்றார் என் வீட்டுக்காரர் அண்ணாதுரை.

போதாததற்கு, கறவை எவ்வளவு என்று எங்கள் பக்கம் யாரும் வெளியே சொல்ல மாட்டோம். கண் பட்டால் மடி வற்றிவிடும்.

அதனால் காலையும் மாலையும் அவள் அளவுச் செம்போடு வருமுன் கன்றை அவிழ்த்துவிடுவேன். அது வயிறு முட்டக் குடித்த பிறகுதான் கறப்பேன். சொசைட்டிக்கு ஊற்றும் பால் பாதியானது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கடைசி நாள், அவள் கன்றின் மார்பைச் சுற்றி நாடாவை வைத்தாள். அதிலேயே எடை தெரியுமாம். நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நாலு மாசக் கன்னு இந்த எடை வராதுக்கா. தெனம் எவ்ளோ குடிச்சுது?"

என் மாடு, என் கன்று, உனக்கென்ன என்று எகிறினேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"பத்து வூட்டுக் கன்னும் இப்டித்தான் கொழுத்துகினு இருக்கு."

தூக்கிவாரிப்போட்டது. தெருவிலேயே நான் ஒருத்திதான் கெட்டிக்காரி என்றல்லவா நினைத்திருந்தேன்!

நாளைக்கு அறிக்கை கொடுக்க வேண்டும், உப்பால் பயனில்லை என்று பொய் எழுத மனசில்லை, எழுதாவிட்டால் ஒரு வருஷமும் வேலையும் போகும் என்று அழாமல் சொன்னாள். எனக்குத்தான் அழுகை வந்தது. கண் பட்டால் படட்டும் என்று தெருவுக்கே கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

"நீ வரதுக்கு முன்னாடி தெனம் ஆறு லிட்டரும்மா. எழுதிக்கோ."

அவள் அவசரமாகப் பேனாவைத் திறந்தாள். "அது உப்புக்கு முன்னாடி. இப்போ?"

மூன்று மாதமாக ஒரு வேளைகூட மடியை முழுசாகக் கறந்ததில்லை. இப்போது எவ்வளவு என்று எனக்கே தெரியாது.