மாமரம் எந்த அரசனுக்கு

அச்சகத்து மேஸ்திரி முதல் தாள்களை மேஜையில் விரித்தபோது பேராசிரியை பெருமையாகத்தான் குனிந்து பார்த்தாள். இடப்பக்கம் பௌத்தர் சொன்ன கதை, வலப்பக்கம் சமணர் சொன்ன அதே கதை என்று எதிரெதிரே வைத்து ஏழு வருஷமாக எழுதிய புத்தகம். மூன்றாவது தாளிலேயே அவள் முகம் மாறிவிட்டது.

ஏதோ ஒரு சின்னக் காட்சியைக் கண்டு அரசைத் துறந்த நான்கு அரசர்களின் கதை இரு தரப்பிலும் உண்டு. பௌத்தர் கதையில், பழமெல்லாம் பறிபோய் மொட்டையாக நின்ற மாமரத்தைப் பார்த்தவன் கலிங்கத்து அரசன். சமணர் கதையில் அந்த மாமரம் காந்தாரத்து அரசனுக்குப் போய்விடும். கலிங்கனுக்குக் கிடைப்பது ஒரு கிழட்டுக் காளை. ஒரே கதை இரண்டு வாயில் புகுந்து எப்படி ஆள் மாறியது என்று ஆராய்வதுதான் புத்தகமே. தாளிலோ இரண்டு பக்கமும் கலிங்கனே மாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உங்க அண்ணி திருத்தி அனுப்புனபடிதான்மா அடிச்சோம். இவ்வளவு சுத்தமான புரூஃப் நான் பார்த்ததே இல்ல" என்றார் மேஸ்திரி.

மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி முப்பது வருஷம் பத்திரிகையில் பிழை திருத்தியவள். ஓய்வு பெற்றபின் கை சும்மா இருக்கவில்லை. நான் பார்த்துத் தருகிறேன் என்று தானாகவே வாங்கிக்கொண்டாள். வெளி ஆளாக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்கலாம். அண்ணன் பெண்டாட்டியை என்ன சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினாள்.

அண்ணி அசரவில்லை. ஒரே மரத்தை ஒரு பக்கத்தில் ஒருத்தனும் மறுபக்கத்தில் இன்னொருத்தனும் பார்த்தால், எழுதினவளுக்கு ஞாபக மறதி என்றுதான் படிக்கிறவன் நினைப்பான் என்றாள்.

"அண்ணி, கடைசி அத்தியாயம் முழுக்க அந்த வித்தியாசத்தைப் பத்திதான் எழுதியிருக்கேன்."

"ஆமா. அதுல மட்டும் கை வைக்கல. நீ எதைப் பத்திப் பேசறேன்னே புரியல. கேக்கலாம்னு மூணு தடவை போன் பண்ணேன், நீ எடுக்கல."

பரீட்சைத்தாள் திருத்துகிற வாரம். போனை அணைத்து அலமாரியில் போட்டது இவள்தான். அந்தக் கோபத்தையும் யார்மேல் காட்டுவது என்று தெரியாமல், தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

நல்லவேளை, பழைய பழக்கத்தில் அண்ணி செய்த மாற்றமெல்லாம் பக்கம், வரியோடு ஒரு நோட்டில் இருந்தது. முப்பத்தெட்டு. இருவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பழையபடி ஆக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் அண்ணி விளக்கம் கேட்டாள். வளையல் ஓசையைக் கேட்டுத் துறந்தவன் பௌத்தருக்குக் காந்தாரன், சமணருக்கு மட்டும் ஏன் விதேகத்தான்? பௌத்தர் சமணர் இருவரில் யார் யாரிடம் கேட்டு எழுதிய கதை? யாருமே கேட்காமல் இரண்டு பேருக்கும் முன்னாலேயே ஊரில் உலவிய கதையோ? இவளே முடிவு சொல்லாமல் நழுவிய கேள்வி அது. பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது.

வேலை முடிந்து எழுந்தபோது அண்ணி ஒரு தாளைத் தனியே இழுத்தாள்.

"அறுபத்திரண்டாம் பக்கம். இது நான் தொடாத இடம். சமணர் பக்கத்துல காளையைப் பாஞ்சாலன் பார்த்தான்னு போட்டிருக்க. உன் கணக்குப்படி பாஞ்சாலன் காளையைப் பார்க்கறது பௌத்தர் கதையிலதானே?"

அப்படியெல்லாம் இருக்காது என்று எரிச்சலோடு மூல நூலைப் புரட்டினாள். அண்ணி சொன்னதுதான் சரி. ஏழு வருஷத்தில் ஏழெட்டு முறை படித்தும் கண்ணில் படாத பிழை. பாஞ்சாலனை அடித்துக் கலிங்கன் என்று எழுதினாள்.

இரவு அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் அச்சகத்துக்குப் புறப்படும் முன் அண்ணியிடம் தெளிவாகச் சொன்னாள்: "அடுத்த புரூஃப்ல ஒரு எழுத்தைக்கூட மாத்தாதீங்க."

"தப்பா இருந்தா?"

"இருந்தா போன் பண்ணுங்க, எடுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியை செருப்பை மாட்டினாள்.