அங்கியின் கீழ்மடிப்பு

கத்தோலிக்கப் பங்குக் கோயில் ஃபாதர் நாற்பது வயதுக்கு மேல் வளரத் தொடங்கினார். யாராவது அவரை 'ஃபாதர்' என்று கூப்பிட்டால் ஒரு நூல் கனம் உயர்வார். ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் கலையும்போது அங்கி கணுக்காலுக்கு மேலே ஏறியிருக்கும். முதலில் கவனித்தவர் அங்கி தைத்த தையல்காரர். அவர் ஃபாதரின் உடன்பிறந்த அண்ணன். கல்யாணத்துக்குப் பிறகு மனைவியோடு புராட்டஸ்டண்ட் சபைக்குப் போனவர். துவைத்துத் துவைத்துத் துணி சுருங்குகிறது என்று நினைத்து, மாதாமாதம் கீழ்மடிப்பைப் பிரித்து இறக்கிக்கொடுத்தார். தம்பி கடைவாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்ட அன்றுதான் துணியின் மேல் பழி போடுவதை நிறுத்தினார்.

"டேய் மூக்கொழுகி, பாத்து வரக் கூடாதாடா!" என்று அன்று கத்தினார். தம்பிக்குச் சின்ன வயதில் வைத்த பெயர் அது. கத்திய வாய் மூடுவதற்குள் ஃபாதர் பழைய உயரத்துக்கு இறங்கிவிட்டார். இறக்கித் தைத்த துணியெல்லாம் காலைச் சுற்றிக் கிடந்தது. அதிலிருந்து சனிக்கிழமை மாலைதோறும் ஃபாதர் வருவார். பொத்தான் டப்பாவுக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, அண்ணனிடம் நாலு திட்டு வாங்கிக்கொண்டு, அளவான ஆளாகத் திரும்பிப் போவார். இஸ்திரிப் பெட்டியின் கரி வாசனையும், மிஷின் சத்தமும், இரண்டு பேரின் சிரிப்பும் தெருமுனை வரை வரும். ஒரே போர்வைக்குள் உதைத்துக்கொண்டு தூங்கிய காலத்துச் சிரிப்பு அது.

விஷயம் வெளியே கசிந்ததும் இரண்டு சபையும் வேதத்தைப் புரட்டின. ஃபாதருக்கு ஒத்தாசையாக இருக்கும் கோயில் உபதேசியார் தையல் கடைக்கே வந்துவிட்டார்.

"பூமியில ஒருத்தரையும் தகப்பன்னு கூப்பிடாதீங்கன்னு ஆண்டவரே சொல்லியாச்சு. மீறினா இப்படித்தான் ஆள் கைய விட்டுப் போயிடுவான்," என்றார் தையல்காரர்.

"ஏன், விசுவாசத்துல உங்களப் பெத்தவன் நான்தான்னு பவுல் எழுதலையா? அவர் வளர்றது அருளுங்க."

"வசனத்த அவங்கவங்க உடம்புக்கு ஏத்தாப்ல வெட்டக் கூடாது."

"அப்ப உங்க பாஸ்டர் வீட்டு போர்டுல 'ரெவரெண்ட்'னு இருக்கே, அது எந்த அதிகாரம், எந்த வசனம்?"

தையல்காரர் ஊசியில் நூல் கோக்கத் திரும்பிக்கொண்டார். அந்தப் பட்டத்தைச் சொல்லச் சொல்லப் பாஸ்டர் அகலத்தில் பெருப்பதும், கோட்டுப் பொத்தானைத் தான் தள்ளித் தள்ளித் தைப்பதும் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

வருடங்கள் இப்படி நல்லபடியாகவே போயின. பிறகு ஒரு மழைக்காலத்தில் தையல்காரருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றது. வலது கை மட்டும் கொஞ்சம் அசைந்தது. திட்டு நின்றதும் ஃபாதர் மறுபடி உயர ஆரம்பித்தார். அவரைத் திட்டிப் பார்க்காத ஆள் பங்கில் இல்லை, யார் திட்டும் பலிக்கவில்லை. உபதேசியார் கண்ணை இறுக மூடிக்கொண்டு 'மூக்கொழுகி' என்றார். மனசு கேட்காமல் கடைசியில் 'ஃபாதர்' என்று சேர்த்துவிட்டார். அதற்கும் ஒரு நூல் ஏறியது. கோயில் வாசலை இடித்து உயர்த்தினார்கள். அண்ணன் வீட்டுக்குள் நுழைய முடியாமல், தெருவில் நின்றபடி மாடி ஜன்னல் வழியாக நலம் விசாரித்துவிட்டுப் போனார் ஃபாதர். இந்த உயரத்துக்குத் தோதான வாசல் தலைநகரத்துப் பேராலயத்தில்தான் இருக்கிறது என்று ஆயர் மாற்றல் போட்டார். போனால் வளர்ந்துகொண்டேதான் இருப்பான், திரும்பி எந்த வாசலிலும் நுழைய மாட்டான் என்பது அண்ணனுக்குத் தெரியும்.

புறப்படும் நாளில் தையல்காரரை நாற்காலியோடு தூக்கிவந்து தெருவில் வைத்தார்கள். சுற்றி நின்றவர்கள் "ஃபாதர், ஃபாதர்" என்று அழ, ஃபாதர் கண்ணெதிரே உயர்ந்துகொண்டிருந்தார். அப்படியே மண்டியிட்டு, தெருவில் நீளப் படுத்து, அண்ணன் மடியருகே முகத்தைக் கொண்டுவந்தார். "அண்ணே, ஒரு வார்த்த திட்டேன்," என்றார். தையல்காரர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. தம்பி அழுததில் மூக்கு ஒழுகியது. அண்ணன் மடியில் கிடந்த வெட்டுத்துணியை வலது கையால் எடுத்து, அந்த மூக்கை அழுத்தித் துடைத்துவிட்டார்.

கூடாரம் சரிந்தது மாதிரி அங்கி தரையோடு படிந்தது. அதற்குள்ளிருந்து பழைய அளவில் ஃபாதர் எழுந்து வந்தார்.

மாற்றல் ரத்தானது. மிச்சத் துணியில் இரண்டு கோயிலுக்கும் திரைச்சீலை தைத்துக்கொண்டார்கள். மூக்கைத் துடைத்ததற்கு இரண்டு பக்கமும் வசனம் தேடினார்கள், அகப்படவில்லை. பட்டத்தைப் பற்றிய சண்டை மட்டும் குறையவில்லை. சனிக்கிழமை மாலைகளில் அண்ணன் கையால் மூக்கைத் துடைத்துக்கொள்ள ஃபாதர் அவர் வீட்டுக்குப் போனார். ஒரு சனிக்கிழமை அவருக்கு முன்பே பாஸ்டர் வந்து பெஞ்சில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு காத்திருந்தார். ஃபாதர் அவருக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.