கந்தோர்

சனிக்கிழமைகளில் ஆட்டம் தொடங்குமுன் ஹெண்ட்ரிக் போஸ்ட்மா சலவை அறைக்கு வந்து, ஓடிக்கொண்டிருக்கும் ட்ரையரில் வலது முழங்காலைச் சாய்த்தபடி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பார். மருத்துவர்கள் பலமுறை திறந்து மூடிய முழங்கால். அந்தச் சூடு அதற்கு இதமாக இருந்தது.

1982இல் நெதர்லாந்திலிருந்து தென் லண்டனின் இந்தச் சிறிய உதைபந்தாட்டக் கழகத்துக்கு ஆட வந்தவர். நடுக்களத்திலிருந்து அவர் நீட்டிக் கொடுக்கும் பந்துகளைப் பார்க்கவே சட்டனிலிருந்தும் விம்பிள்டனிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நான்காம் வருடம், சேறு மண்டிய ஒரு மைதானத்தில் கால் திரும்பியது. ஆட்டம் அத்தோடு முடிந்தது. மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டாள். ஹெண்ட்ரிக் போகவில்லை. இளையவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், உதவியாளராக இருந்தார், கடைசியில் மனேஜரானார். கழகத்தைத் தவிர இந்த நகரத்தில் தனக்கு வேறொன்றும் இல்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

ஜேர்சிகளைத் துவைத்து மடிக்கும் அருட்பிரகாசத்துக்கு அது சொல்லாமலே தெரியும். குருநகரிலிருந்து அகதியாக வந்து, இங்கே பார்வையாளர் படிகளைக் கூட்டிக்கொண்டிருந்தவர் அவர். ஒருநாள் பறந்து வந்த பந்தைத் தும்புத்தடியைப் போட்டுவிட்டு நெஞ்சில் வாங்கி நிறுத்தினார். அதைப் பார்த்து உள்ளே கூப்பிட்டு வேலை கொடுத்தவர் ஹெண்ட்ரிக்தான்.

அன்று 1995ஆம் ஆண்டுப் பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றால் கழகம் இந்தப் பிரிவிலேயே தங்கும். கழகம் தங்கினால் தன் வேலையும் தங்கும் என்று ஹெண்ட்ரிக் நம்பியிருந்தார். காலையில் துவாய்களோடு மேல்மாடிக்குப் போன அருட்பிரகாசத்தின் காதில் விழுந்ததோ வேறு. வென்றாலும் திங்கட்கிழமை ஹெண்ட்ரிக்கை வேலையை விட்டு அனுப்பிவிடுவதென்று கழகத் தலைவர் சொல்லிக்கொண்டிருந்தார். புது மனேஜர் வர ஒப்புக்கொண்டாயிற்றாம்.

இன்றைக்கு ஒரு ஆட்டத்துக்காவது மனுசன் நம்பிக்கையோடு நிற்கட்டும், வாயே திறப்பதில்லை என்று நினைத்துக்கொண்டு அருட்பிரகாசம் கீழே வந்தார்.

ஆட்ட நாட்களில் மனைவி இம்மாகுலேற்றும் கூட வந்து துணி மடிப்பாள்.

"என்னப்பா, செத்த வீட்டுக்குப் போய் வந்த ஆள்மாதிரி முகம்?"

"ஒண்டுமில்லை. மடி."

"ஒண்டுமில்லாததுக்கோ ஏழாம் நம்பரை உள்பக்கம் வெளியாலை மடிச்சு வைச்சிருக்கிறியள்?"

வாங்கிலிருந்த ஹெண்ட்ரிக் புன்னகைத்தார். இவர்கள் சண்டை பிடிக்கும் ஓசை அவருக்குப் பிடிக்கும். "இன்றைக்கு எதற்குச் சண்டை, அருள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"சொக்ஸுக்கு, பொஸ்."

"சொல்லுறியளோ, இல்லாட்டி நான் அவரிட்டையே கேக்கட்டோ?" என்றாள் இம்மாகுலேற்.

கேட்கக்கூடியவள்தான். அருட்பிரகாசம் மனதுக்குள் சொற்களைப் பொறுக்கினார். தலைவரின் பெயர் வரக்கூடாது. மனேஜர், ஆபீஸ் ஒன்றும் வரக்கூடாது.

"இங்கிலிஸ் சொல்லு வாயிலை வரப்படாது, கேட்டியோ. மேலை இருக்கிற மொட்டையர் திங்கக்கிழமை ஆளைக் கந்தோருக்குக் கூப்பிடப் போறார். வெண்டாலும் ஒண்டுதான். முடிஞ்சுது."

"மாதாவே," என்றாள் இம்மாகுலேற். கையிலிருந்த காலுறை கீழே விழுந்தது.

"கன்டோர்," என்றார் ஹெண்ட்ரிக்.

அருட்பிரகாசம் திரும்பிப் பார்த்தார்.

"அது எங்கள் சொல். கன்டோர். ஆபீஸ். உனக்கு எப்படித் தெரியும்?"

தபால் கந்தோர், கல்விக் கந்தோர் என்று பிறந்த நாள் முதல் சொல்லி வந்த சொல். அது தமிழ் இல்லை என்று அருட்பிரகாசம் கனவிலும் நினைத்ததில்லை.

"உங்கள் ஆட்கள் எங்கள் ஊரை ஆண்டவர்கள், பொஸ். பெரிய கோட்டை ஒன்று கட்டினார்கள்."

"கட்டிவிட்டு?"

"போய்விட்டார்கள்."

ஹெண்ட்ரிக் சிரிக்கத் தொடங்கினார். பிறகு இம்மாகுலேற்றின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"யாரைக் கன்டோருக்குக் கூப்பிடுகிறார்கள், அருள்?"

கவுன்சில் கந்தோர், வீட்டு விஷயம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அருட்பிரகாசம் கீழே கிடந்த காலுறையைக் குனிந்து எடுத்தார்.

"என்னையா? வென்றாலுமா?" என்றார் ஹெண்ட்ரிக்.

அருட்பிரகாசம் துவாய்களைப் பார்த்தபடி ஆமென்று தலையை ஆட்டினார்.

ஹெண்ட்ரிக் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். "பையன்களுக்குத் தெரிய வேண்டாம்," என்றுவிட்டு உடைமாற்றும் அறைக்குப் போனார். கதவுக்கு அப்பால் அவர் குரல் வழமைபோலவே உரத்துக் கேட்டது.

கழகம் வென்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் விழுந்த ஒரே கோலுக்கு மைதானம் முழுவதும் எழுந்து கத்தியது. அருட்பிரகாசம் கோலைப் பார்க்கவில்லை, எல்லைக் கோட்டோரம் நின்றவரைப் பார்த்தார். ஹெண்ட்ரிக் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டபடி புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்திலிருந்த ஒருவர், என்ன நிதானமான மனிதர் என்று வியந்தார். தலைவர் இறங்கி வந்து, படமெடுப்பவர்கள் முன்னால் அவரைக் கட்டிப்பிடித்து, திங்கட்கிழமை ஆபீஸுக்கு வா, பேசுவோம் என்று முதுகில் தட்டினார்.

எல்லோரும் போனபின் ஹெண்ட்ரிக் சலவை அறைக்கு வந்தார். ட்ரையர் ஆறிப்போயிருந்தது. ஆனாலும் வாங்கில் உட்கார்ந்து முழங்காலை அதில் சாய்த்தார்.

"நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், பொஸ்..."

"இருந்திருந்தால் அந்தக் கோலுக்கு நான் துள்ளியிருப்பேன்," என்றார் ஹெண்ட்ரிக். குரலில் கோபம் இல்லை.

இம்மாகுலேற் மடித்துக்கொண்டிருந்ததை வைத்துவிட்டு வந்தாள். ட்ரையருக்குள் போட ஒன்றும் இருக்கவில்லை. கதவை அறைந்து மூடி, பொத்தானை அழுத்தினாள்.

வெறும் ட்ரையர் சுழலத் தொடங்கியது.