கூட்டிப்போக உரிமை உள்ளவர்கள்

யெசெனியா வந்த மூன்றாம் நாளே லோட்டே அவள் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அதற்கு ஆறு வாரம் பிடித்தது. அந்த ஆறு வாரமும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கேக் செய்து பார்த்தேன், நாய் மாதிரி குரைத்துக் காட்டினேன், கொட்டும் மழையில் குளத்து வாத்துகளைக் காட்டக் கூட்டிப்போய் எனக்குக் காய்ச்சல் வந்ததுதான் மிச்சம். நேற்று வந்தவள் ஒன்றுமே செய்யவில்லை. சோபாவில் சும்மா உட்கார்ந்தாள்.

நான் தம்தா. ஜார்ஜியாவில் குட்டாய்சி என் ஊர். ஜெர்மனியில், ஓல்டன்பூர்க்கில் வீப்கேயின் வீட்டில் ஒரு வருஷம் ஓ-பேராக இருந்தேன். வீட்டில் வீப்கேயும் அவள் மகள் லோட்டேயும் மட்டும்தான். அவர்களோடு தங்கி, அவர்களோடு சாப்பிட்டு, ஐந்து வயது லோட்டேயைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மாலையில் ஜெர்மன் வகுப்பு. விசா ஒரு வருஷத்துக்குத்தான், தலைகீழாக நின்றாலும் அதற்கு மேல் கிடைக்காது. செப்டம்பர் முப்பது புதன்கிழமையோடு ஒப்பந்தம் முடிகிறது, சனிக்கிழமை நான் ஊருக்குக் கிளம்ப வேண்டும். என் இடத்துக்குக் கொலம்பியாவிலிருந்து வந்தவள்தான் யெசெனியா. கடைசி வாரம் பழையவளும் புதியவளும் ஒரே வீட்டில் இருந்து, பழையவள் புதியவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது வீப்கே வைத்திருந்த வழக்கம். இதைவிடக் கொடுமையான வழக்கத்தை ஒருத்தி உட்கார்ந்து யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

போன வருஷம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் மடகாஸ்கர்க்காரி ஹந்தா. அவள் கிளம்பிப் பத்து நாள்கூட ஆகவில்லை. சாப்பாட்டு மேசையில் வீப்கே அவள் பேச்சை எடுத்தாள். "எந்த ஹந்தா?" என்று கேட்டாள் லோட்டே. வீப்கே சிரித்தாள். நானும் சிரித்தேன், வாயெல்லாம் பல்லாக.

இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எந்த தம்தா?" என்று அவள் கேட்பது இப்போதே காதில் விழுந்தது. சனிக்கிழமை நான் கிளம்பும்போது லோட்டே அழ வேண்டும். என் கோட்டைப் பிடித்துக்கொண்டு கதற வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அது பாவம் என்றால் பாவமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

செவ்வாய்க்கிழமை காலை நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது லோட்டே ஓடிவந்தாள்.

"தம்தா, இங்க பாரேன்! யெசெனியா எனக்கு கிரீடம் போட்டுவிட்டா!"

மெல்லிய முடியை இரண்டாகப் பின்னித் தலையைச் சுற்றி வளைத்துக் கட்டியிருந்தது. அழகாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல். சீப்பைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஒளிகிற பிள்ளை இது.

"வலிக்கலையா உனக்கு?"

"இல்லையே. நீ பின்னினாத்தான் வலிக்கும்."

பின்னால் வந்த யெசெனியா வெட்கப்பட்டுச் சிரித்தாள். "எனக்கு நாலு தங்கச்சிங்க, தம்தா. கை தானா ஓடும்."

"கொடுத்து வச்சவ நீ" என்றேன்.

அப்போதுதான் வீப்கே அந்தத் தாளை என்னிடம் நீட்டினாள். "நாளைக்கு யெசெனியாவையும் கிண்டர்கார்டனுக்குக் கூட்டிட்டுப் போய், அன்கேகிட்ட இதைக் குடுத்துடு. வியாழக்கிழமையிலேர்ந்து அவதான் லோட்டேயைக் கூட்டிட்டு வரப்போறா. நீ ரெண்டு நாள் நிம்மதியா பெட்டி கட்டு, சரியா?"

நல்ல மனதோடுதான் சொன்னாள். நிம்மதியாம்!

'கூட்டிப்போக உரிமை உள்ளவர்கள்' என்று மேலே அச்சடித்திருந்தது. கீழே யெசெனியாவின் பெயர், வீப்கேயின் கையெழுத்து, தேதி. கிண்டர்கார்டனில் இந்தப் பெயர்ப்பட்டியல் வேதவாக்கு. அதில் பெயர் இல்லாதவர் யாராக இருந்தாலும் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். ஒருமுறை லோட்டேயின் சொந்தச் சித்தியையே வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். தாளை நான்கு மடிப்பாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மதியம் யெசெனியாவிடம், "நீ தூங்கு, நானே குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். கிண்டர்கார்டன் ஆசிரியை அன்கே வாசலில் நின்றிருந்தாள்.

"என்ன தம்தா, இன்னிக்குத்தான் கடைசியா?"

"ஆமா, அன்கே."

கோட்டுப் பைக்குள் இருந்த கை வெளியே வரவில்லை. லோட்டேயைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். "குடுத்தாச்சா?" என்று வீப்கே ராத்திரி சாப்பாட்டில் கேட்டதற்கு, "குடுத்தாச்சு" என்றேன். மறதி என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்க மாட்டேன். திட்டம் போட்டுத்தான் செய்தேன். மறுநாள் யெசெனியா போவாள், பெயர் இல்லை என்பார்கள், அவள் விழிப்பாள், என்னைக் கூப்பிடுவாள். நான் போய் நிற்பேன். லோட்டே ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள், அதை யெசெனியா பார்ப்பாள். இவ்வளவு சின்ன ஆசை யாருக்கு என்ன கெடுதல் செய்துவிடும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை இரண்டே காலுக்கே ஷூ மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பெட்டி திறந்தபடி கிடந்தது. இரண்டே முக்காலுக்கு போன் அடித்தது.

"தம்தா, என் பேரே இல்லையாம். லோட்டேயைத் தர மாட்டேங்கறாங்க." யெசெனியாதான். "நீ குடுத்தேல்ல?"

"அங்கேயே இரு, வர்றேன்."

சைக்கிளில் ஐந்து நிமிடம். பாடிக்கொண்டே மிதித்தேன், பொய் சொல்லவில்லை.

அன்கே என்னைப் பார்த்ததும் கண்ணாடிக் கதவைத் தன் பின்னால் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். "நீ வந்து என்ன பிரயோஜனம், தம்தா? உன் பேரும் நேத்தோட முடிஞ்சுது."

பதிவட்டையைக் காட்டினாள். என் பெயருக்கு எதிரே 'செப்டம்பர் 30 வரை' என்று இருந்தது. முகத்தில் ஈயாடவில்லை எனக்கு.

"ஒரு வருஷமா தினமும் வர்றேன். என்னைத் தெரியாதா உனக்கு?"

"நல்லாத் தெரியும். ஆனா பேரு இல்லாம நான் அனுப்ப முடியாது. வீப்கேக்கு மூணு தடவை போன் போட்டாச்சு, எடுக்கல."

எடுக்க மாட்டாள். வீப்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். விசாரணை நாளில் ஐந்து மணி வரை அவள் போன் அணைந்தே கிடக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், செருப்பு மாட்டும் பெஞ்சில், தொப்பி போட்டு, பையை முதுகில் மாட்டி லோட்டே தயாராக உட்கார்ந்திருந்தாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கையாட்டினாள். நாங்கள் உள்ளே வரவில்லை. ஒரு பையனின் அப்பா வந்தார், பையன் போனான். இரட்டைப் பெண்களை அவர்கள் அம்மா கூட்டிப்போனாள். லோட்டேயின் கை மெல்ல இறங்கியது. உதடு பிதுங்கியது. அழ ஆரம்பித்தாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னைப் பார்த்துத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். அடுத்த பிள்ளைக்காகக் கதவு திறந்தபோது அவள் குரல் வெளியே கேட்டது.

"என்னை யாருக்குமே குடுக்க மாட்டாங்களா?"

தாள் என் பையில் இருந்தது. எடுத்தால் பிள்ளை வெளியே வந்துவிடும், என் குட்டும் வெளியே வந்துவிடும். பக்கத்தில் யெசெனியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் தப்பாத்தான் இருக்கும். என் ஜெர்மன் மோசம், வீப்கே சொன்னதை நான்தான் சரியா புரிஞ்சுக்கல" என்றாள். அப்போதும் நான் எடுக்கவில்லை. இன்னொரு பிள்ளை போகும் வரை நின்றேன். பெஞ்சில் லோட்டே மட்டும் மிஞ்சினாள். அதற்குப் பிறகுதான் எடுத்தேன்.

அன்கே மடிப்புகளைப் பிரித்துப் படித்தாள். "செவ்வாய்க்கிழமையே கையெழுத்துப் போட்டிருக்காங்களே" என்றாள். உள்ளே போனாள்.

யெசெனியா என்னையே பார்த்தாள். "பையிலயே வச்சிருந்தியா?"

"ஆமா."

"ஏன், தம்தா?"

"மூணே நாள்ல அவ உன் மடியில உட்கார்ந்துட்டா."

அன்கே லோட்டேயை அழைத்து வந்து அவள் கையை யெசெனியாவின் கையில் வைத்தாள். பட்டியல்படி அதுதான் சரி. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பத்தடி பின்னால் நடந்தேன்.

யெசெனியா போட்டுக்கொடுப்பாள் என்று அன்று மாலை முழுக்க எதிர்பார்த்தேன். "முதல் நாள் எப்படிப் போச்சு?" என்று வீப்கே கேட்டாள். "நான்தான் போக லேட் பண்ணிட்டேன். லோட்டே கொஞ்சம் அழுதா" என்று உடைந்த ஜெர்மனில் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். அறைந்திருந்தால்கூடத் தேவலை.

வெள்ளிக்கிழமை காலை நானும் யெசெனியாவும் கொண்டுவிடப் போனபோது லோட்டே கிண்டர்கார்டன் வாசலிலேயே நின்றுவிட்டாள். "யெசெனியா பேரு இருக்கா? காட்டு" என்றாள். அன்கே பதிவட்டையை எடுத்துவந்து காட்ட வேண்டியிருந்தது. படிக்கத் தெரியாத பிள்ளை, அந்தப் பெயர் மேல் விரலை வைத்து, "இதுவா? அழிஞ்சிடாதுல்ல?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் உள்ளே போனாள்.

சனிக்கிழமை ரயில் நிலையத்துக்கு மூன்று பேரும் வந்தார்கள். வீப்கே என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். லோட்டே அழவில்லை. நான் குனிந்து கையை விரித்தேன். அவள் முத்தத்துக்கு முகத்தை மட்டும் நீட்டினாள். இரண்டு கையாலும் யெசெனியாவின் கையைப் பிடித்திருந்தாள், எனக்காகக்கூட ஒரு கையை எடுக்கவில்லை.

ரயில் நகர்ந்தபோதும் பார்த்தேன், பிடி தளரவில்லை. இந்த ஒரு வருஷத்தில் லோட்டே என் கையை ஒருநாளும் அப்படிப் பிடித்ததில்லை. பிடிக்க வேண்டிய பயம் அவளுக்கு இருந்ததில்லை.