பெட்டிக்குள் ஒரு மைக்

என் கணவர் கிட்டார் வாசிப்பார் என்பது ஊரறிந்த விஷயம். அதை யாரும் கேட்டதில்லை என்பதும் ஊரறிந்த விஷயம்தான். வாரக் கடைசியில் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் நாங்கள் இருவரும் கச்சேரி செய்கிறோம். நான் நின்று பாடுவேன். அவர் எனக்குப் பின்னால் ஒரு உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து வாசிப்பார். கரண்ட் எதுவும் தேவைப்படாத சாதாரண மரக் கிட்டார். அதற்கு முன்னால் ஒரு மைக்கை நிறுத்தி வைப்பார்கள். ஆனால் இந்த மனிதருக்கு அடங்கி உட்காரத் தெரியாது. பாட்டு சூடு பிடித்ததும் குனிந்து, கிட்டாரின் வட்ட ஓட்டைக்குள் முகத்தையே நுழைத்துவிடுவார் போல ஆகிவிடுவார். உதடு அசைந்துகொண்டே இருக்கும். கூடவே பாடுகிறார் போல என்று நானும் விட்டுவிட்டேன். இப்படியும் அப்படியும் திரும்புவதில் மைக் ஒரு பக்கமும் கிட்டார் ஒரு பக்கமுமாகப் போய்விடும். கூடத்தில் ஸ்பூன் சத்தம் கேட்கும், என் குரல் கேட்கும், கிட்டார் மட்டும் கேட்காது. என் தம்பி இவருக்கு 'ம்யூட்' என்று பெயர் வைத்திருக்கிறான். வீட்டிலும் பேச்சு குறைவு என்பதால் அந்தப் பெயர் நன்றாகவே ஒட்டிக்கொண்டது.

எனக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. நான் சுருதி சுத்தமாகப் பாடுகிறவள். இவர் வாசிப்பிலோ ஏதோ கோளாறு உண்டு. அரைகுறையாகக் காதில் விழுவதை வைத்துத்தான் சொல்கிறேன். இரண்டு சரணங்களுக்கு நடுவே கிட்டார் மட்டும் தனியாக வரும் இடம் இருக்கிறதே, அது முடிகிறபோதெல்லாம் படிக்கட்டில் கால் வழுக்கியவர் மாதிரி ஒரு தாவல் தாவுவார். எனக்கு வருகிற கைதட்டலில் பாதியைக் கும்பிடு போட்டு வாங்கிக்கொள்ளவும் தவறமாட்டார். சரி, குடும்பம் என்று வந்துவிட்டால் இதையெல்லாம் பார்க்க முடியுமா?

போன வாரம் ஹோட்டல் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார்.

"மேடம், கிட்டார் கேக்கவே மாட்டேங்குது. அடுத்த வாரமும் இப்படியே இருந்தா பேசாம ட்ராக் போட்டுக்கலாம். மியூசிக் எல்லாம் ஏற்கெனவே ரெக்கார்ட் பண்ணினது. நீங்க மட்டும் வந்து பாடினா போதும்."

இவர் பக்கத்திலேயே நின்று, வேறு யாரையோ பற்றிய பேச்சு மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தபிறகு கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ட்ராக்குக்கு நீ பாடிடுவியா?" என்று கேட்டார்.

"ஏன், எனக்கென்ன கேடு?"

 அவர் துணியை எடுத்துக் கிட்டாரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் இசைக்கருவிக் கடைக்குப் போனோம். கிட்டாரோடு சேர்த்துப் பொருத்திவிட்டால் சத்தத்தை நேராக ஸ்பீக்கருக்கு அனுப்புகிற சாமானுக்குப் பிக்கப் என்று பெயர். கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் மூன்று வகையை எடுத்து வைத்தார். ஒன்று காந்தம், ஓட்டையின் குறுக்கே மாட்டுவது. வாசித்துக் காட்டினார். மரக் கிட்டார் எலெக்ட்ரிக் கிட்டாராக வேஷம் போட்டது. இன்னொன்று மெல்லிய பட்டை. தந்திகள் வந்து உட்காரும் வெள்ளைத் துண்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். சத்தம் பளிச்சென்று வந்தது, ஆனால் பிளாஸ்டிக் வாளியைத் தட்டுகிற வாடை அடித்தது. மூன்றாவது, பெட்டிக்குள்ளேயே ஒட்டிவிடுகிற சின்ன மைக்.

"இதுல மரத்தோட சத்தம் அப்படியே வரும். ஆனா ஒண்ணு," என்றார் கடைக்காரர். "ஓட்டைகிட்ட என்ன நடந்தாலும் பிடிக்கும். சட்டை பட்டன் உரசினாக்கூடக் கேக்கும்."

"எனக்கு அந்தப் பட்டையே போதும்," என்றார் இவர், அவசரமாக.

அந்த அவசரம் எனக்குப் புரிந்துவிட்டது. பட்டை என்றால் பூசி மெழுகிவிடலாம். மைக் என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். எனக்கு உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. ட்ராக் போட்டுக்கொண்டு நான் தனியாகப் பாடினால், புருஷனைக் கழற்றிவிட்டாள் என்று நாலு பேர் பேசுவார்கள். இவர் வாசிப்பதை ஊரே ஒருதடவை தெளிவாகக் கேட்டுவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமிருக்காது.

"மைக்தான்," என்றேன். "எல்லாம் கேக்கட்டும். என்ன பயம்?"

"எதுக்குன்னா..."

"எதுக்குன்னா?"

"ஒண்ணுமில்ல."

கடைக்காரர் மைக் பொருத்திய ஒரு கிட்டாரைக் கொடுத்தார். எங்கள் முதல் பாட்டை இவர் தனியாக வாசித்தார். ஒத்துக்கொள்ள வேண்டியதுதான், காதுக்கு இதமாக இருந்தது. ஆனால் நடுவில் அந்த இடம் வந்ததும் நான் மனசுக்குள் அடுத்த சரணத்தை எடுத்துவிட்டேன். இவர் இன்னும் முடிக்கவில்லை.

"பாத்தீங்களா, இங்க தாளத்துல ரெண்டு கவுண்ட் கூடப் போயிட்டீங்க," என்றேன்.

இவர் கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் மேசையிலிருந்த தூசியை ஊதினார்.

"அப்படியா? கவனிக்கல."

"கவனிச்சாத்தானே!"

அன்றைக்கே பொருத்தினோம். ஒயர் மாட்டுவதற்காகக் கிட்டாரின் அடியில் கடைக்காரர் துளை போட்டபோது இவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

கச்சேரி நாள் வந்தது. மேனேஜர் கதவருகே கைகட்டி நின்றார். ஹோட்டலின் சவுண்ட்காரர் கிட்டாரின் சத்தத்தைத் தாராளமாக ஏற்றி வைத்தார். இரண்டு ஸ்பீக்கர்களும் கூட்டத்தைப் பார்த்து இருந்தன. முன்னால் நிற்கிற எனக்கு நன்றாகக் கேட்கும். பின்னால் குனிந்து உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் கேட்காது.

முதல் சரணத்திலேயே தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். கிட்டார் கூடம் முழுக்க நிறைந்திருந்தது. சரணம் முடிந்து கிட்டார் மட்டும் தனியாக வந்தது. இப்போது வழுக்குவார், எல்லோரும் கேட்கட்டும் என்று நான் காத்திருந்தேன்.

"ஒண்ணு... ரெண்டு..." என்றது ஸ்பீக்கர்.

சவுண்ட்காரர் ஏதோ சோதனை செய்கிறார் என்று நினைத்து, நான் பாடுவதற்கு மூச்சு இழுத்தேன்.

"மூச்சு இழுத்துட்டா," என்றது ஸ்பீக்கர், பதற்றமாக. "இன்னும் ரெண்டு கவுண்ட் இருக்குடி... வராத, வராத..."

நான் பாட ஆரம்பித்தேன்.

"வந்துட்டா! ஓடு, ஓடு!"

கிட்டார் ஒரே தாவலாகத் தாவி என்னைப் பிடித்தது. ஜன்னலோர மேசையில் யாரோ சிரித்தார்கள். இவர் உதடு அசைந்தது பாடுவதற்கில்லை, எண்ணுவதற்கு என்று தெரிந்ததும் எனக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் பாடிக்கொண்டே இருந்தேன், அடுத்த இடமும் வந்தது.

"இந்தத் தடவையாவது..." என்று கெஞ்சியது ஸ்பீக்கர். "இல்ல. வந்துட்டா."

கூடமே சிரித்தது. இத்தனை காலமும் அந்தப் படிக்கட்டில் இவர் வழுக்கவில்லை, நான் பின்னாலிருந்து தள்ளிவிட்டிருக்கிறேன். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கியது. இவர் வழக்கம்போலக் கும்பிடு போட்டார். என்ன நடந்தது என்று இன்னமும் இவருக்குத் தெரியாது. எனக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எண்ணத் தெரியாதவளா நான்? இரண்டாவது பாட்டில், புடவைத் தலைப்புக்குள் விரலை மடக்கி மடக்கி எண்ணினேன். வழக்கமாக வருகிற இடத்தில் வாயைத் திறக்கவில்லை. முழுசாகக் காத்திருந்தேன்.

ஆனால் இவர் என் தோள் ஏறி இறங்கியதைப் பார்த்துப் பழக்கத்தில் தாவிவிட்டார். தாவிய இடத்தில் நான் இல்லை.

"காணோமே..." என்றது ஸ்பீக்கர். "எங்க போனா? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

சிரிப்பில் யாரோ தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார்கள். நான் சரியான நேரத்துக்கு உள்ளே நுழைந்தேன். அது தப்பான நேரமாகிவிட்டிருந்தது. இவர் பின்னால் ஓடிவர, நான் முன்னால் ஓட, பாட்டு நடுத்தெருவில் நின்றது. என் வாழ்க்கையில் முதல்முதலாகச் சரியாக எண்ணிப் பாடிய அன்றைக்குத்தான் கச்சேரி கெட்டது.

மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டே மேடையோரம் வந்தார்.

"முதல் பாட்டு பிரமாதம் மேடம். ரெண்டாவதுல நீங்க கொஞ்சம் லேட்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சாரையே வச்சுக்கலாம். ட்ராக் யாருக்காகவும் ஓடி வராது."

இவர் என்னைப் பார்த்தார், சவுண்ட்காரரைப் பார்த்தார், கடைசியில் கிட்டாரின் ஓட்டையைப் பார்த்தார். முகம் வெளிறிப் போய், ஒயரைப் பிடுங்கக் கையைக் கொண்டுபோனார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எத்தனை நாளா இப்படி?"

"கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு."

எனக்குக் கோபமாகவும் வெட்கமாகவும் இருந்தது. இந்த மனிதரை இத்தனை பேர் முன்னால் கட்டிக்கொள்ளலாமா என்றும் இருந்தது. இவரைக் கழற்றிவிடவா அந்த மைக்கைத் தேடிப் பிடித்து வாங்கினேன்!

"இப்ப நான் எப்ப வரணும்? சொல்லுங்க, எண்ணிக்கிறேன்."

இவர் குனிந்து தந்தியைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னார்.

"எண்ணாத. எப்பவும் போல வா. நான் பிடிச்சுக்கறேன்."

குனிந்து சொன்னதால் அது ஸ்பீக்கர் வழியாகச் சமையலறைவரை கேட்டது. முன் மேசையில் இருந்த ஒரு பெண்மணி, சாப்பிட்டுக்கொண்டிருந்த தன் வீட்டுக்காரரை ஒரு முறை முறைத்தார். அவர் பாவம், ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார்.

மூன்றாவது பாட்டை எடுத்தோம். சரணம் முடிந்தது, கிட்டார் தனியாக வந்தது. கூடத்தில் ஒருவரும் சாப்பிடவில்லை. நான் விரலை மடக்கவில்லை. மூச்சை இழுத்தேன், எனக்குத் தோன்றிய இடத்தில் பாடினேன்.

"வந்துட்டா," என்றது ஸ்பீக்கர், நிம்மதியாக.