வலியை மறைத்த குற்றம்

முகாமில் எல்லோரும் அவனை நெட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். பயிற்சியின் ஏழாவது வாரம், இடது கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, விரல் வைத்தால் உயிர் போகிற மாதிரி ஓரிடம் வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு நாள் ஓடினான். காரணம் அக்கா புருஷன். "இவனாவது பட்டாளத்துல நிலைக்கிறதாவது! ஒரே மாசம், பெட்டியைத் தூக்கிட்டு வந்துடுவான்" என்று வீடு நிறைய ஆள் இருக்கும்போது சொன்ன மகானுபாவர். பன்னிரண்டாவது வாரம் நிறைவு அணிவகுப்பு. அதில் தன் பேட்ச்சோடு நடக்காதவன் மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் முடியவில்லை. சார்ஜென்ட் முன்னால் போய் நின்றான்.

"கால் எலும்பு வலிக்குது சார்."

"எலும்புன்னு இருந்தா வலிக்கத்தான் செய்யும். போய் எக்ஸ்ரே படம் எடுத்துட்டு வா."

சார்ஜென்ட் கெட்டவர் இல்லை. அவரிடம் ஒரு கணக்கு இருந்தது, அவ்வளவுதான். மருத்துவ அறைக்குப் போய் 'முறிவு இல்லை' என்ற சீட்டோடு திரும்புகிறவன், அங்கே இருந்த ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும். இந்த ஏற்பாடு வந்தபிறகு அவர் பிரிவில் யாருக்கும் நோயே வருவதில்லை. மேலதிகாரிகள் மெச்சினார்கள்.

படம் எடுத்தாகிவிட்டது, டாக்டரைத்தான் காணோம். நெட்டை பெஞ்சில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்தான். நின்றால் கணக்கில் சேராதோ என்று ஒற்றைக்காலில் நின்றும் பார்த்தான். இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் ஏப்பம் விட்டபடி வந்தார்.

"எலும்பு சுத்தமா இருக்கே தம்பி!"

இருக்காதா பின்னே? ஓடி ஓடி விழுகிற மயிரிழை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் படத்தில் தலைகாட்டாமலே இருந்துவிடும். அது டாக்டருக்கும் தெரியும். ஆனால் சீட்டில் இருந்தது இரண்டே கட்டம்: முறிவு உண்டு, முறிவு இல்லை. சந்தேகப்பட அதில் இடம் விடவில்லை. இரண்டாவதில் டிக் அடித்தார்.

ஆகமொத்தம் பன்னிரண்டு சுற்று. ஓடினான். அதன்பிறகு வலி என்ற சொல்லையே அவன் வாயில் எடுக்கவில்லை.

பதினோராவது வாரம் கடைசி ஓட்டத் தேர்வு. முடிவுக் கோட்டுக்கு நூறடி இருக்கும்போது விறகு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். நெட்டை குப்புற விழுந்தான்.

"இப்பதான் பளிச்சுனு தெரியுது" என்று டாக்டர் புதுப் படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

மறுநாள் சார்ஜென்ட் ஆப்பிளும் ஒரு படிவமுமாக வார்டுக்கு வந்தார்.

"சீட்டுல முறிவு இல்லைன்னு இருக்கு. அப்போ அதுக்கப்புறம்தான் வலிச்சிருக்கணும், நீ சொல்லலை. அதனால 'வலியை மறைத்தார்'னு எழுதியிருக்கேன். கையெழுத்துப் போட்டா அடுத்த பேட்ச்ல எடுத்துக்குவாங்க. போடலைன்னா விசாரணை, நீ வீட்டுக்குத்தான்."

நெட்டைக்கு ஆப்பிளைத் தூக்கி அவர் மூஞ்சியில் அடிக்கலாம் போலிருந்தது. வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கப்போகிற அக்கா புருஷனை நினைத்தான். கையெழுத்துப் போட்டான்.

"அடுத்த தடவையாவது வலிச்சா உடனே வந்து சொல்லுடா" என்றார் சார்ஜென்ட், உண்மையான அக்கறையோடு.

"கண்டிப்பா சார்" என்றான் நெட்டை. அன்று காலையில் அது அவனுடைய இரண்டாவது பொய்.