கடைசி முறுக்கு

தாடையில் பாதி நுரை இருக்கும்போதே வாசலில் பிக்கப் வண்டி வந்து நின்றது. டார்லா கையை நிறுத்தவில்லை. அப்பாவின் கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்து, சவரக்கத்தியைக் காதோரத்திலிருந்து மெல்ல இறக்கினாள். வெர்லின் கண்ணை மூடியபடியே, "கென்ட்," என்றார். மருந்து மயக்கத்திலும் மகனுடைய வண்டிச் சத்தம் அவருக்குத் தப்பாது.

கென்ட் தனியாக வரவில்லை. புல்வெட்டி வண்டிகளை ஓட்டும் பந்தயக் கிளப்பின் தலைவர் டெல்பர்ட்டையும் கூட்டி வந்திருந்தான். இருவரும் முன்னறையில் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார்கள்.

"என்னப்பா, மாப்பிள்ளை மாதிரி ரெடியாகுறே?" என்றார் டெல்பர்ட்.

"பெட்டிக்குள்ள படுக்கிறப்ப பாக்குறவங்க முகம் சுளிக்கக் கூடாதுல்ல."

மூவரும் சிரித்தார்கள். டார்லா கத்தியைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசினாள்.

பேச்சு வழக்கம்போல பந்தயத்துக்குப் போனது. போன கோடையில் வெர்லினின் என்ஜின் ஒஹாயோக்காரர்களை மண்ணைக் கவ்வ வைத்ததை டெல்பர்ட் மறுபடி சொன்னார். அடியிலுள்ள வெட்டும் பிளேடைக் கழற்றிவிட்ட புல்வெட்டி வண்டிதானே, இந்தப் பறப்புப் பறக்கிறதே என்று அங்கே ஒருவன் வண்டியைப் படுத்துப் பார்த்தானாம். ஓட்டியது கென்ட். அவன் அந்த வளைவை எப்படித் திருப்பினான் என்று கையை வளைத்துக் காட்டினான்.

பிறகு டெல்பர்ட் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இனிமே மறைச்சு என்ன ஆகப்போவுது? உண்மையச் சொல்லு வெர்லின். அத்தனூண்டு என்ஜின்லேர்ந்து அவ்வளவு பவர எப்படி எடுத்தே?"

டார்லாவின் கை நின்றது. அப்பா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். சாதாரணமாகத்தான் பார்த்தார். ஆனாலும் அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, பள்ளிக்கூடத்தில் பேர் வாசிக்கும்போது அடித்துக்கொள்வதைப் போல.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் திருகாணியைப் பிடித்துக்கொள்ளத்தான் அவளைக் கூப்பிட்டார். அடுத்த மாதம் பிஸ்டனை மாட்டச் சொன்னார். அதற்கடுத்த குளிர்காலத்தில், கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என்ஜினை அவள் செய்தாள். காலையிலும் மாலையிலும் பள்ளிப் பேருந்து ஓட்டிய நேரம் போக மீதியெல்லாம் ஷெட்டில்தான். வேகத்தைக் கட்டுப்படுத்தும் பல்சக்கரத்தை எடுத்துப் போட்டதும், பிஸ்டனைத் தாங்கும் ராடை மாற்றியதும், என்ஜினின் தலைமூடியான ஹெட்டைச் சீவியதும், மெத்தனால் எரிபொருளுக்குத் தக்கபடி கார்புரேட்டர் துளையை மயிரளவு மயிரளவாகப் பெரிதாக்கியதும் அவள். "நமக்குள்ளயே இருக்கட்டும் டார்லா. பசங்க கிண்டல் பண்ணுவாங்க," என்று அவர் சொன்னபோது அவள் சிரித்துக்கொண்டு தலையாட்டினாள். அந்தச் சிரிப்பு எந்த வருஷத்தில் நின்றதென்று அவளுக்கே தெரியாது.

வெர்லின் போர்வைக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்து உயர்த்திக் காட்டினார்.

"எல்லாம் இதான்," என்றார்.

கை கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. டெல்பர்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஆட்டத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே அவர்கள் அதை நம்பினார்கள்.

என்ஜின் கென்டுக்குத்தான் என்றார் அப்பா. உடனே ஓட்டலாமா என்று அவன் கேட்டதற்கு, அப்படியே ஓட்டலாம், ஸ்டீல் பிளைவீலோடு தயாராக இருக்கிறது என்றார்.

"அப்பா, அந்த வீல்—" என்று டார்லா ஆரம்பித்தாள்.

"நடுவுல பேசாத. இன்னும் பாதி முகம் பாக்கி இருக்கு."

என்ஜினோடு சேர்ந்து சுற்றும் அந்தக் கனத்த ஸ்டீல் பிளைவீலில் கீறல் விட்டிருந்ததை அவள் போன மாதமே கண்டுபிடித்து, கழற்றிப் போட்டிருந்தாள். புதியது வரும் வரைக்கும் கம்பெனியிலிருந்து என்ஜினோடு வந்த பழைய வார்ப்பு வீலை மாட்டியிருந்தாள். அதை மெதுவாகத்தான் ஓடவிட வேண்டும். வேகமேற்றி முறுக்கினால் சிதறிவிடும். அப்பாவிடமும் சொன்னாள், கேட்டுத் தலையாட்டினார். மருந்தில் மறந்திருக்கும். கென்டிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள்.

அவர்கள் போன பின் மீதிக் கன்னத்தையும் மழித்து, ஈரத்துணியால் துடைத்தாள்.

"மனசுல எதையும் வச்சுக்காத," என்றார் அவர்.

"அவனுக்கு ஓட்டத்தான் தெரியும். என்ஜின் செய்யத் தெரியாதுப்பா."

"அதனால என்ன? நீ இருக்கியே."

டார்லா நுரை மிதந்த தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டினாள்.

அன்று மாலை, வெயில் தாழ்வதற்குள் அவர் போய்விட்டார். டார்லா பக்கத்தில்தான் இருந்தாள். கடைசியில் வாய் லேசாகத் திறந்தது. குனிந்து காதை வைத்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். தாடை தளர்ந்தால் அப்படித் திறந்துகொள்ளும் என்று பிறகு வந்த நர்ஸ் விளக்கினாள்.

அடக்கம் முடிந்ததும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஹாம் இறைச்சியும் உருளைக்கிழங்கும் பரிமாறினார்கள். அப்பாவின் கைவண்ணத்தைப் பற்றிப் பலரும் டார்லாவிடம் சொன்னார்கள். அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டே, ஆமாம், ஆமாம் என்றாள். அப்போது வெளியே என்ஜின் சத்தம் கேட்டது. எந்த என்ஜின் என்பதை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கிளப்பில் யார் செத்தாலும் அவருடைய என்ஜினைக் கொண்டுவந்து முழு வேகத்துக்கு முறுக்கிவிடுவார்கள். அது கத்தி ஓய்வதுதான் அவர்களுக்கு ஆமென். இது அவளுக்குத் தெரியாததல்ல. தன்னைக் கேட்காமல் ஷெட்டைத் திறக்க மாட்டான் என்று மட்டும் நினைத்திருந்தாள்.

தட்டுகளை அப்படியே வைத்துவிட்டு மேலே ஓடினாள். வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டம் வட்டமாக நின்றது. முன்வரிசையில் குழந்தைகளைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். பிளைவீல் சரியாக அவர்கள் முகத்தின் உயரத்தில், மெல்லிய தகட்டு மூடிக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. கென்டின் விரல் முடுக்கியின் மேல் இருந்தது. டார்லா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம். இதுல இருக்கிறது கம்பெனி வீலு. முறுக்கினா வெடிச்சிரும்."

"ஸ்டீலுன்னு அப்பாவே சொன்னாரு. நீயும்தானே அங்க நின்னே?"

"ஸ்டீல் வீலு கீறல் விட்டிருச்சு. நான்தான் மாத்தினேன்."

"நீயா?" என்றான். கேலி செய்திருந்தால்கூடத் தேவலை. குழந்தையிடம் கேட்பதைப் போல அன்பாகக் கேட்டான்.

டெல்பர்ட் அவள் தோளில் கை வைத்தார். "துக்கத்துல இருக்கே அம்மாடி. உள்ள போய் ஒரு வாய் காபி குடி. வெர்லின் கைவேலை எங்களுக்குத் தெரியாதா?"

அவள் உள்ளங்கைக்குக் கீழே கென்டின் விரல் அசைந்தது. என்ஜினின் குரல் ஒரு படி ஏறியது. பிளக் வயரைப் பிடுங்கி என்ஜினை நிறுத்தலாம். அவளை ஓரமாக நிறுத்திவிட்டு மறுபடி மாட்டுவார்கள். ஆறு வருஷக் கதையையும் சொல்லலாம். நடுங்கிய கை, கவிழ்த்த வாளி, எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் நின்றன. அத்தனையும் உண்மை. அதைச் சொல்லி நம்பவைப்பதற்குள் இவன் விரல் கீழே போய்விடும். குழந்தைகளில் ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்பாதான் சொன்னாரு," என்றாள் டார்லா. "நீங்க போனப்புறம் ஞாபகம் வந்துச்சு அவருக்கு. கம்பெனி வீலுதான் போட்டிருக்கேன், முறுக்கிடாதன்னு கென்ட்கிட்ட சொல்லிடு, அப்படின்னாரு. அதுதான் அவரு கடைசியாப் பேசினது."

கென்ட் சட்டென்று விரலை எடுத்துவிட்டான். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது.

டெல்பர்ட் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? சாகுற நேரத்துலயும் நம்ம உயிரப் பத்தித்தான் நெனச்சிருக்கான் மனுஷன்." யாரோ விசும்பினார்கள். கென்ட் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதான். அவள் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

முறுக்க வேண்டாம், எரிபொருள் தீரும் வரை இப்படியே மெதுவாக ஓடட்டும் என்று முடிவானது. ஆண்கள் தொப்பிகளைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, தலை குனிந்து கேட்டார்கள். என்ஜின் சீராக ஓடியது. அந்தச் சீரான ஓட்டத்துக்கு அடியில், ஒரு வால்வு மட்டும் லேசாகத் தட்டிக்கொண்டிருந்தது. அங்கே வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. டார்லா கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். உள்ளே அவள் விரல்கள், அந்த வால்வின் திருகாணியை முடுக்குவதைப் போல, தாமாகவே கால் சுற்று திரும்பின.